முதுகுப் பக்கம் பார்த்துக்கொள்பவன்

தனியாக உட்கார்ந்தால் வேலை ஓடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், மேடம். பரீட்சை சமயத்தில் என் அம்மா டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் சொல்லித்தர மாட்டாள். அவளுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அவள் எழுந்து போனால் என் புத்தகமும் மூடிக்கொள்ளும். நான் செய்த தொழில் அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

டீக்கு நன்றி. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். கன்னடம் எனக்கு நன்றாகப் படிக்க வரும். பெயர் அசோகன், வீடு ஜீவனஹள்ளி, ரயில்வே லைனை ஒட்டிய தெரு, எல்லாம் சரி. ஒரு வரி மட்டும் தவறு. 'முதியவர் வெளியே போனதை இவர் கவனிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் நான் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

இதற்கு முன்னால் நான் இரவு வேலை பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் கிடங்குகளின் கேமராக்களை இங்கே ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரு திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். யாராவது வேலி தாண்டினால் மைக்கில் அதட்ட வேண்டும். அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். ஒரு நாள் ஒருவன் வந்து ஒரு கிடங்கின் பூட்டை அறுத்தான். அவசரப்படாமல், நேர்த்தியாக அறுத்தான். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசிவரை பார்த்தேன். நான் தூங்கிவிட்டதாக மேலாளர் எழுதினார். எச்சரிக்கையோடு விடுகிறேன், கையெழுத்துப் போடு என்றார். போட்டுவிட்டு வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. அந்தக் கையெழுத்துதான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் 'தூங்கினவன்' என்ற பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

அதனால் சொந்தமாக ஆரம்பித்தேன். மௌன மேசை என்று பெயர். சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் வந்து சேர்வார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் அன்றைக்கு முடிக்கப்போகும் வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு நான் பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டுவேன். எல்லோருடைய மைக்கும் அணையும். முகம் மட்டும் தெரியும். அமர்வு முழுவதும் பதிவாகும். நடுவில் ஓர் இடைவேளை, அப்போது மட்டும் பதிவு நிற்கும். கடைசியில் முடித்தேன் அல்லது முடிக்கவில்லை, இந்த இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. மணி அடிக்கும்போது இருக்கையில் இல்லாதவருக்கு அன்றைக்கு மேசை கிடையாது. கேட்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய திட்டத்தை ஒரு வருஷமாக இழுத்தவர்கள் என் எதிரில் உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்றால் மனிதனுக்குக் கை ஓடுகிறது.

முதுகுப் பக்கம் பார்த்துக்கொள்ளும் வழக்கம் தீபிகாவால் வந்தது.

தீபிகாவை உங்களுக்குத் தெரியும். காக்ஸ் டவுனில், அதே ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், தரைத்தள வீடு. வீணை, மிருதங்கத்துக்கு உறை தைத்து விற்கிறாள். நல்ல உறைகள், மழையில் நனையாது. கணவர் சஞ்சய் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார். வீட்டில் மாமனார் சேஷகிரி. ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களாக நினைவு சரியில்லை. உடம்பு நன்றாக இருந்தது, நடை நன்றாக இருந்தது. ஓய்வு பெற்றது மட்டும்தான் ஞாபகத்தில் இல்லை.

சேர்ந்த புதிதில் அவள் கேமராவைத் திருப்பி வைத்தாள், வாசல் கதவு தெரியும்படி.

"அசோகன், இவர் கதவாண்ட போனா ஒரு குரல் குடுங்க, போதும். நான் ஹெட்போன் போட்டா இடி விழுந்தாலும் கேக்காது" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மௌரீனும் விடவில்லை. மௌரீன் பிரேசர் டவுனில் கேக் செய்து விற்கிறவள். "அப்போ என் ஓவனையும் பாத்துக்கோ, மேன். சிவப்பு லைட் அணைஞ்சா சொல்லு. கேக் கருகிச்சுனா நீதான் திங்கணும்."

அப்படி ஒவ்வொருவராக. ஒருவருக்குப் பால் அடுப்பு, ஒருவருக்குத் தொட்டில். எல்லோரும் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, முதுகுக்குப் பின்னால் இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வேலை செய்தார்கள். ஏதாவது என்றால் பெயரையும் விஷயத்தையும் மட்டும் சொல்வேன். 'மௌரீன், ஓவன்.' அவள் எழுந்து போவாள். மற்றவர்கள் நிமிர மாட்டார்கள். அவள் கேக் ஒன்றுகூடக் கருகியதில்லை. கேட்டுப் பாருங்கள்.

சேஷகிரி விஷயத்தில்தான் சிக்கல். அவர் கதவுக்குப் போவதும், நான் 'தீபிகா, கதவு' என்பதும், அவள் எழுந்து போய் அவரைத் திருப்பி அழைத்து வருவதும் நிற்கவே இல்லை. அவருக்கு ஒரே கேள்விதான். "பஸ் வந்துடுத்தா?" ஃபேக்டரி பஸ். அந்தக் காலத்தில் லைனைத் தாண்டி அரச மரத்தடியில் நிற்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன், டிபன் கேரியரோடு வரிசையாக நிற்பார்கள். தீபிகாவிடம் ஒரே பதில்தான். "இன்னிக்கு ஃபேக்டரி லீவுப்பா." அதைக் கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். இடைவேளைகளில் கேட்டுக் கேட்டு அந்தப் பதில் எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

சுஹாஸ் முதலில் முணுமுணுத்தான். ஏதோ ஆப் செய்கிற பையன். "ப்ரோ, இது மௌன மேசையா, முதியோர் இல்லமா? இவங்க எழுந்தா என் கண்ணும் கூடவே எழுந்து போவுது." அவன் சொன்னது நியாயம். ஒருவர் அசைந்தால் கட்டம் முழுவதும் அசையும். பார்த்துக்கொண்டே இருக்கிற எனக்குத்தான் அது தெரியும். ஒரு நல்ல அமர்வில், எல்லோரும் குனிந்திருக்கும்போது, திரை தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதில் ஒரு கல் விழுந்தால் மறுபடி தெளிய வெகு நேரம் ஆகும்.

இடைவேளையில் தீபிகா ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அடுப்படிக்குப் போவாள். அப்போது பெரியவர் லேப்டாப் முன்னால் வந்து நிற்பார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு தடவை என்னிடம் நிறுத்தினார்.

"யாருப்பா நீ? எந்த செக்‌ஷன்?"

"அசோகன், சார்."

"எல்லாரும் தலை குனிஞ்சு வேலை பண்றா. நீ மட்டும் சும்மா உக்காந்திருக்கே. சூப்பர்வைசர் எங்கே?"

"அவர்தான் சார் சூப்பர்வைசர்" என்றான் சுஹாஸ்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "இவனா? இவன் தூங்கற மூஞ்சின்னா."

எல்லோரும் சிரித்தார்கள். மௌரீன் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து தீபிகாவும் சிரித்தாள், உடனே வந்து மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். நிஜமாகவே பரவாயில்லை. நினைவு தப்பியவர். அவர் சொன்னதை யாராவது மனதில் வைத்துக்கொள்வார்களா? சுஹாஸ்தான் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னை 'மூஞ்சி ப்ரோ' என்று கூப்பிட்டான். அதுவும் தானாக நின்றுவிட்டது.

நான் தீபிகாவுக்கு உதவவே பார்த்தேன். அவள் வேலைக்குத் தேவையான யோசனைகள் சொன்னேன். வீட்டு வேலைக்கு வரும் லட்சுமம்மா காலையில் பெருக்கிக்கொண்டே பெரியவரோடு பேச்சுக் கொடுப்பார். நடுவில் தீபிகாவையும் ஏதாவது கேட்பார். அவரைச் சாயங்காலம் வரச் சொல்லுங்கள் என்றேன். மாற்றினாள். கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தாள். அது கதவை மறைக்கிறது, எனக்குத் தாழ்ப்பாள் தெரியவில்லை, எடுத்துவிட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்றேன். எடுத்தாள். எல்லாம் சாதாரண யோசனைகள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் யாருக்கும் யாரும் சொல்வதுதான். மேல் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அது பெரியவர் கைக்கு எட்டாது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன்.

சங்கீதப் பள்ளிக்கூடங்கள் பல சேர்ந்து நடத்தும் ஒரு அமைப்புக்கு அவள் மாதிரியும் விலையும் அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கே கடைசி நாள். கிடைத்தால் நாலு பேரை வைத்துத் தைக்கலாம். சஞ்சய் 'தையல் மெஷினை மூட்டை கட்டு' என்று சொல்வதை நிறுத்துவார். காலையில் வாக்கியம் சொல்லும் முறை வந்தபோது அவள் சொன்னது பதிவில் இருக்கிறது, நீங்களும் கேட்டீர்கள். "இன்னிக்கு டெண்டர் முடிக்கறேன். இன்னிக்கு மட்டும் என்னை எழுப்பாதீங்க அசோகன். என்ன ஆனாலும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதானே என்று கேட்டீர்கள். மௌன மேசையில் சொல்கிற வாக்கியத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டால் பிறகு மேசை எதற்கு?

முதல் பாதியில் அவள் மூன்று நான்கு முறை எழுந்தாள், நான் கூப்பிடாமலேயே. அவர் அசைகிறாரோ என்று தானாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நம்பி ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பது சரியில்லை. இடைவேளையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். மற்றவர்களும் எழுந்து போயிருந்தார்கள். சுஹாஸ் கேமராவை அணைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் துணிக் குவியலோடு திரும்பி வந்தபோது நான் மணியைத் தட்டினேன். கை நிறையத் துணி, மணிச் சத்தம் வேறு. காலால் கதவைத் தள்ளிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். கதவு சாத்தியிருந்தது. மேல் தாழ்ப்பாள் போடவில்லை. பெஞ்சு இல்லாததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இரண்டாம் பாதியில்தான் பெரியவர் உள் அறையிலிருந்து வெளியே வந்தார். பதிவில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, உள்ளே விட்டிருந்தார். தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பழைய அடையாள அட்டையைப் பையில் குத்திக்கொண்டார். ஸ்டூல் மேல் இருந்த டிபன் கேரியரை எடுத்துப் பார்த்தார். காலிதான், இருந்தாலும் கையில் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கட்டினார். அவருக்கு நாடா கட்ட வராது என்று தீபிகா ஒருமுறை சொல்லியிருந்தாள். அன்றைக்கு இரண்டையும் கட்டினார். வேலைக்குப் போகிற மனிதன் அப்படித்தான் இருப்பான். இவையெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நடந்தன. அவள் விலைப் பட்டியலில் குனிந்திருந்தாள்.

அந்த நேரத்தில் பிரேசர் டவுனில் சிவப்பு விளக்கு அணைந்தது. 'மௌரீன், ஓவன்' என்றேன். அதுவும் பதிவில் இருக்கிறது. நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள். என் குரலில் தூக்கம் இருந்ததா? கேக்கைப் பார்த்தவன் கதவைப் பார்த்திருக்க மாட்டானா? உங்கள் ரைட்டர் அதை யோசித்திருக்க வேண்டும். மௌரீன் சொல்லச் சொன்னாள், சொன்னேன். தீபிகா சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லவில்லை.

அவர் கதவைத் திறந்தார். போவதற்கு முன்னால் திரும்பி, லேப்டாப்பைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அவ்வளவு பக்குவமாக.

அதற்கப்புறம் வந்த நேரத்தைப் பற்றிச் சொன்னால் தவறாக நினைக்காதீர்கள். மௌன மேசை ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. ஒருவர்கூட அசையவில்லை. தீபிகா ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது. தனக்குத் தெரியாமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் பாரம் எதுவும் இல்லை என்று. சுஹாஸ்கூடப் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் தெளிந்துவிட்டது.

என் வீடு லைனை ஒட்டி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? ஜன்னல் வழியாக ரயில் வரும் சத்தம் கேட்டது. அது எப்போதும் கேட்பதுதான். அன்றைக்கு அது நிற்கும் சத்தமும் கேட்டது. அந்த இடத்தில் ரயில் நிற்காது. என் மைக் அணைந்திருந்ததால் மேசையில் யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நேரம் முடிந்ததும் மணி அடித்தேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முடித்தேன், முடித்தேன், முடிக்கவில்லை. தீபிகா முறை வந்தது. "முடிச்சேன்" என்றாள். அனுப்பியாகிவிட்டது என்றாள். கண்ணில் தண்ணீர். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, முடிச்சுட்டேன்ப்பா" என்று திரும்பினாள்.

அங்கேதான் பதிவை நிறுத்தினேன். அதற்குமேல் வைத்திருப்பது நாகரிகம் இல்லை.

அவளுக்கு அந்த ஆர்டர் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். வாங்கிக்கொள்ளவில்லை என்றும் கேள்விப்பட்டேன். 'என்ன ஆனாலும்' என்று தானே சொன்னதை நினைத்து அழுகிறாளாம். சஞ்சயும் அதையே சொல்லிக் காட்டுகிறாராம். நான் போன் செய்து, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் கேட்ட அமைதியைத்தான் கொடுத்தேன் என்றேன். அவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் சஞ்சய் என்னிடம் பதிவை வாங்கிக்கொண்டு உங்களிடம் வந்தார்.

நீங்கள் அதில் ஒரே ஒரு இடத்தை நிறுத்தி வைத்து என்னைக் கேட்டீர்கள். "அவரு யாருக்கு கை காட்டறாரு?" அவளுக்கு இல்லை, அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெறும் லேப்டாப்புக்கா என்று கேட்டீர்கள். நினைவு தப்பியவர், ஏதோ காட்டியிருப்பார் என்று உங்கள் ரைட்டர் சொன்னார். நீங்களும் விட்டுவிட்டீர்கள். 'கவனிக்கவில்லை' என்ற வரியை அடிக்க வேண்டுமென்றால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்குத்தான் காட்டினார்.

தீபிகா மாடிக்குப் போனதும் அவர் வந்து நின்றார். திரையில் என் முகம் ஒன்றுதான் இருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பஸ் வந்துடுத்தா?"

"வந்துருச்சு சார். லைனுக்கு அந்தாண்ட, மரத்தடியில நிக்குது."

"முன்னாடியே சொல்லப்படாதோ?"

"இப்பத்தான் சார் வந்துச்சு. மெதுவா ரெடியாயி வாங்க. உங்களுக்காக நிக்கச் சொல்றேன்."

அவர் முகம் எப்படி ஆயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நல்ல பையன்" என்றார். உள் அறைக்குப் போனார். படியில் தீபிகாவின் கால் சத்தம் கேட்டது. நான் மணியை எடுத்தேன்.

அமர்வு நேரத்தில் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, மேடம். பேசியதெல்லாம் இடைவேளையில். இடைவேளையில் பேசலாம் என்பது முதல் நாளிலிருந்து இருக்கிற விதி.

அந்த வரியை அடித்துவிட்டு, எல்லாவற்றையும் கவனித்தார் என்று எழுதச் சொல்லுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன். தாழ்ப்பாள், பெஞ்சு, மணி, ஓவன், ஷூ நாடா, ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. நீங்களே பாருங்கள், மேடம். இது தூங்குகிற மூஞ்சியா?